எல்லை தாண்டி வந்த நீலி

பாறசாலையை விட்டுக் களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மண்ணைப் பிரித்தவர்களால் கதையைப் பிரிக்க முடியவில்லை.

2025 ஆகஸ்ட் 28-ல் வெளியான ‘லோகா’ என்ற மலையாளப் படம் இதை மீண்டும் நினைவூட்டியது. டொமினிக் அருண் இயக்கத்தில் கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற வேடம் வேறு யாருமல்ல, நம் கள்ளியங்காட்டு நீலிதான்! கள்ளியங்காடு இருப்பதோ நாகர்கோவிலை அடுத்து.

படம் பார்த்தவர்களின் கருத்து இரண்டு வகை. இளைஞர்களுக்கு ஒரே பூரிப்பு. பாட்டி சொல்லிப் பயமுறுத்திய யட்சி, எளியவர்களைக் காக்கும் வீராங்கனையாகி விட்டாளே!

வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கோ ஒரு குறை. பாட்டில் வரும் நீலி, நகைக்கு ஆசைப்பட்டவனால் கள்ளியடியில் கொலையுண்ட பெண். மறுபிறவி எடுத்து, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து பழி தீர்த்தவள். படத்திலோ அவள் மலைவாழ் சிறுமி. அவளது குடியை அழிப்பது அரசனின் ஆணவம். கொன்றவன் மாறினான், கள்ளியும் குழந்தையும் காணாமல் போயின.

ஆயினும் அநீதிக்கு ஆளானவள் அடங்க மாட்டாள் என்ற உயிர்நாடி இரண்டிலும் ஒன்றே. படம் பார்த்த பிள்ளைகள், பாட்டு மறைவதற்குள் அதையும் ஒருமுறை கேட்டு வைப்பது நல்லது.