பிளக் பாயிண்டை அணைத்தால் இ.பி. பில் குறையுமா?

பெரியகுளம் வடகரையானாலும் தென்கரையானாலும், ரீடிங் எடுத்துப் போன அன்று வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "சுவிட்சை அணைக்காமல் விட்டது யார்?" பழி பெரும்பாலும் செல்போன் சார்ஜர் மேல் விழுகிறது. போன் மாட்டாத நல்ல சார்ஜர் இழுப்பது கால் வாட் அளவுதான். இரவு பகலாகச் செருகியே கிடந்தாலும் இரண்டு மாதத்துக்கு அரை யூனிட் வராது. கரண்டைத் தின்பது வேறு இடத்தில் இருக்கிறது.

காலையில் எழுந்ததும் டி.வி.க்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். இரவு ரிமோட்டில் அணைத்த பெட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால், அது ராத்திரி முழுக்க மின்சாரம் எடுத்திருக்கிறது. பல செட்டாப் பாக்ஸ்கள் ரிமோட்டில் அணைத்த பிறகும் ஓடும்போது எடுப்பதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டே இருக்கும். பத்து வாட் என்று வையுங்கள். நாளுக்கு 5 மணி நேரம் பார்த்து, மீதி 19 மணி நேரம் சும்மா விட்டால் 60 நாளில் 11 யூனிட்டுக்கு மேல் வீண். 2006 முதல் அரசு கொடுத்த கலர் டி.வி. போன்ற பழைய குண்டு டி.வி. இன்னும் ஓடும் வீடாக இருந்தால், சிவப்பு விளக்கு எரிய நிற்கும் அதுவும் நாலைந்து யூனிட் சேர்க்கலாம்.

புது டி.வி.யில் இந்தக் கணக்கு மாறுகிறது. சும்மா நிற்கும் சாதனம் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே வலியுறுத்தியது. ஐரோப்பாவில் 2013 முதல் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு அரை வாட் என்பதே சட்டம். அதனால் இன்று வரும் நல்ல டி.வி.யைப் பிளக்கில் அணைப்பதால் மிச்சம் மிகக் குறைவு. செட்டாப் பாக்ஸ், ஏ.சி.யின் ஸ்டெபிலைசர், பழைய ஹோம் தியேட்டர் ஆகியவற்றை அணைப்பதுதான் உண்மையான லாபம். ஃபிரிட்ஜை மட்டும் இரவில் அணைக்காதீர்கள். உள்ளே ஏறிய சூட்டைக் காலையில் கம்ப்ரஸர் மறுபடி வெளியேற்ற வேண்டும், மிச்சம் சொற்பம். பாலும் இன்சுலினும் கெட்டுப்போகும் ஆபத்தோ பெரிது.

இந்தப் பத்துப் பதினைந்து யூனிட் யாருக்குப் பெரிது என்பதை நம் கட்டண முறைதான் முடிவு செய்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, முதல் 100 யூனிட் இலவசம் போக, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குப் பில் 1,725 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த குறைந்த விலை பறிபோவதுதான் காரணம். பிறகு கட்டணம் உயர்ந்திருக்கிறது, ஆனால் இந்த 500 யூனிட் எல்லை அப்படியே நிற்கிறது. 510-ல் நிற்கும் வீடு செட்டாப் பாக்ஸையும் பழைய டி.வி.யையும் பிளக்கில் அணைத்து 495-க்கு வந்தால், அந்த 2022 விலைக்கே 335 ரூபாய் மிச்சம். 150 யூனிட் வீட்டுக்கு அதே பழக்கம் முப்பது, நாற்பது ரூபாய்தான் தரும். அந்த வீடு முதலில் பார்க்க வேண்டியது மின்விசிறியை. பழைய 75 வாட் விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 18 போதும்.

பிளக்கைப் பிடுங்க, பணத்தைவிடப் பெரிய காரணம் இடி. ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானல் மலைப்பக்கம் மேகம் கறுத்துவிட்டால், சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. சுவிட்ச் துண்டிப்பது ஒரு வயரைத்தான். மின்னல் தரும் மின்னழுத்தம் மற்ற வயர் வழியாகவும், கேபிள் வழியாகவும் ஏறிவரும். இடி நெருங்குவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கி, டி.வி.க்குப் போகும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொட வேண்டாம். தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடுக்கும் பிளக்கைப் பிடுங்குவதுதான் பாதுகாப்பு. வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதே ராடில் கரண்ட் இருக்கும். பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கவே கூடாது.

எல்லாம் அணைத்தும் பில் குறையவில்லையா? மீட்டரில் மின்னும் சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்று எழுதியிருக்கும். 3200 என்றிருந்தால், பத்து வாட் மட்டும் ஓடும்போது ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மின்னும். மெயினைப் போட்டுவைத்து, எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, விளக்கு, விசிறி சுவிட்சுகளையும் அணைத்த பிறகும் மின்னினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இல்லாத வீடென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். மெயினையே அணைத்தும் மின்னினால் இ.பி. ஆபீஸுக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகள், 2020-ன்படி, மீட்டர் மேல் புகார் வந்தால் 30 நாளுக்குள் சோதிக்க வேண்டும். ரீடிங் உண்மையான பயன்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால், 2024 திருத்தத்தின்படி 5 நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது உங்கள் உரிமை, கேட்கத் தயங்காதீர்கள்.

பிரிவு அலுவலகம் பதில் தராவிட்டால் மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ல் பதிவு செய்யலாம். அதற்கும் தீராவிட்டால் தேனி மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதன் தீர்ப்பிலும் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள மின்சாரக் குறைதீர்ப்பாளர். வக்கீல் இல்லாமல் நீங்களே போய் வாதாடலாம். பில்லையும் ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். மன்றத்தில் பேசப்போவது அவைதான்.