எட்டு மூலைகளில் ஓர் உடன்பாடு

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பார்க்கும்போது நிறத்தையும் கம்பெனிப் பெயரையும் விட்டுவிட்டுப் பெட்டகத்தின் மூலைகளைக் கவனியுங்கள். எட்டு மூலைகளிலும் துளைகள் கொண்ட கனமான எஃகுத் துண்டுகள் இருக்கும். கிரேன் மேல் துளைகளைப் பிடித்துத் தூக்கும். லாரியிலுள்ள பூட்டு கீழ்த் துளைக்குள் நுழைந்து கால் சுற்றுத் திரும்பினால், பெட்டகம் அசையாது. இந்த மூலைகளின் கதை தெரிந்தால், கணிப்பொறி உலகில் நடந்த ஒரு போட்டியும் எளிதில் விளங்கும்.

1974-இல் புதிய துறைமுகம் வருமுன், பெரிய கப்பல்கள் கரைக்குச் சில மைல் தள்ளியே நிற்கும். மூட்டைகளைத் தோணியில் ஏற்றிச் சென்று, மறுபடி கப்பலில் ஏற்றவேண்டும். இன்றோ திருப்பூர்ப் பனியன் நிரம்பிய பெட்டகம் இங்கே கப்பலேறி, கொழும்பில் வேறு கப்பலுக்கு மாறி, ஐரோப்பாவுக்குப் போகிறது. லாரி, கிரேன், கப்பல் யாவும் வெவ்வேறு கம்பெனிகளுடையவை. மூலைகள் மட்டும் எங்கும் ஒன்றே.

இது தானாக வந்துவிடவில்லை. 1956-இல் அமெரிக்கரான மால்கம் மெக்லீன் 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் 58 பெட்டகங்களை அனுப்பினார். பின்னர் அவருடைய சீ-லேண்ட் கம்பெனி 35 அடிப் பெட்டகத்தையும், மாட்சன் கம்பெனி 24 அடிப் பெட்டகத்தையும் பயன்படுத்தின. ஒருவர் பெட்டகம் மற்றவர் கப்பலுக்குப் பொருந்தாது. 1963-இல் சீ-லேண்ட் தன் மூலை இணைப்பின் காப்புரிமையைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது. அதன்மேல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு பொதுத் தரம் வகுத்தது. 20 அடியும் 40 அடியும் நிலைத்தன. வேடிக்கை என்னவென்றால், 35, 24 இரண்டுமே தரப் பட்டியலில் இடம்பெறவில்லை!

இனி கணிப்பொறிக்கு வருவோம். ஒரு கணிப்பொறியில் நன்றாக ஓடும் நிரல், மற்றொன்றில் ஓட மறுப்பதுண்டு. அதற்குத் துணையான நிரல்கள் அங்கே இல்லாமற் போவதே பெரும்பாலும் காரணம். ஆகவே நிரலையும் துணைகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டினார்கள். அதற்கும் 'கன்டெய்னர்' என்றே பெயர். 2013-இல் வெளியான 'டாக்கர்' இதைப் பரப்பியது. அது திறந்த மூல மென்பொருள். அதாவது, யாரும் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம். 2014 இறுதியில் கோர்-ஓஎஸ் கம்பெனி போட்டியாக 'ராக்கெட்' என்ற மென்பொருளை இறக்கியது. பொட்டலத்துக்கு வேறோர் அமைப்பும் வகுத்தது. மறுபடி 35 அடியும் 24 அடியும்தான்!

2015 ஜூனில் இரு தரப்பும் வேறு பல கம்பெனிகளும் லாப நோக்கற்ற லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ்க் கூடின. டாக்கர் தன் பொட்டல அமைப்பையும் அதை இயக்கும் நிரலையும் பொதுவுக்குக் கொடுத்தது. 2017-இல் தரத்தின் முதற்பதிப்பு முடிந்தது. பொட்டலம் எப்படி அமைய வேண்டும், அதை எப்படி இயக்க வேண்டும் என்பவற்றையே அது சொல்கிறது. மூலைகள் மட்டும், உள்ளே என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

அப்படியானால் போட்டியாளர்களில் ஒருவரையே தேர்ந்தெடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அறக்கட்டளையின் ஒரு பிரிவு அதே 2017-இல் டாக்கரின் 'கன்டெய்னர்-டி', ராக்கெட் இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டது. யாருக்கும் முடிசூட்டுவதில்லை என்பது அதன் கொள்கை. பெயருக்கான வணிகச் சின்ன உரிமையை அறக்கட்டளையே வைத்துக்கொள்ளும். எந்தக் கம்பெனியும் நாளை அதைத் தனதென்று சொல்ல முடியாது. இதில் நட்டமும் உண்டு: ஒரே வேலையை இரண்டு குழுக்கள் செய்கின்றன. ஆனாலும் எது நல்லதென்று முன்கூட்டித் தீர்ப்புச் சொல்வதைவிட, பயன்படுத்துவோர் கையில் விடுவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர்களும் முடிவு சொன்னார்கள். ராக்கெட்டை நாடுவோர் குறையவே, 2019-இல் அது ஓய்வு பெற்றது. 2022-இல் இன்னொரு பரபரப்பு. ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களை நிர்வகிக்கும் 'குபர்நெட்டீஸ்' என்ற மென்பொருள், டாக்கருக்கென்று வைத்திருந்த தனி இணைப்பை நீக்கிவிட்டது. டாக்கரில் கட்டிய பொட்டலங்களெல்லாம் வீணாகுமோ என்று பலர் பதறினார்கள். ஒன்றைக்கூட மறுபடி கட்டவேண்டியிருக்கவில்லை. அவை கன்டெய்னர்-டியில் அப்படியே ஓடின.