தண்ணீர் சூழ்ந்த ஊரில் முதல் உதவி அடுத்த வீட்டிலிருந்துதான்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கெடார். 2024 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த ஒரே நாளில் இங்கே பதிவான மழை 42 செ.மீ. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து கலைந்துபோகாமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. அது கொண்டுவந்த மழைதான் இது. முந்தைய நாள் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. கொட்டியிருந்தது.

42 செ.மீ. என்றால் எவ்வளவு? ஒரு ஏக்கர் நிலத்தில் அவ்வளவு மழை விழுந்தால் சேரும் தண்ணீர் ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 140 லாரிக்கு வரும். விழுப்புரம் மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 100 செ.மீ. தான். அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரு பகல் ஓர் இரவில் இறங்கினால் ஏரியும் தாங்காது, ஓடையும் தாங்காது.

உதவி வர ஏன் நேரமாகிறது?

பெருவெள்ளத்தில் எல்லா வழியும் ஒரே நேரத்தில் அடைபடுகிறது. அதே டிசம்பர் 2-இல் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. மீட்புப் படகுகள் முதலில் ஆற்றங்கரைக்குத்தான் போகும், போகவும் வேண்டும். உள்ளே இருக்கிற ஊர் காத்திருக்கத்தான் நேரும். அந்த முதல் ஒரு நாளில் கைகொடுக்கக்கூடியவர் அக்கம்பக்கத்தார் மட்டுமே.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தபோது, இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைத் தூக்கியெடுத்தவர்கள் குடும்பத்தாரும் பக்கத்து வீட்டாரும்தான். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் வெயில் கொளுத்தி 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். கதவைத் தட்ட ஆள் இல்லாததும் அவர்கள் சாவுக்கு ஒரு காரணம்.

வெள்ளம் வேறு, நோய் வேறு

வெள்ளத்தில் ஒன்றுகூடினால் பிழைப்போம். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது விலகியிருந்தால்தான் பிழைப்போம் என்றார்கள். அப்போது அண்டைவீட்டார் செய்த உதவியின் உருவம் மாறியது: வாசலில் வைத்துவிட்டுப் போன சோற்றுத் தூக்கு, வாங்கிவந்து கொடுத்த மாத்திரை, நாளுக்கு இரண்டு முறை போன் செய்து விசாரித்த குரல். உருவம் எதுவானாலும் அடிப்படை ஒன்றே: இந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார், அவருக்கு என்ன தேவை என்று வெளியே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்கு முன்னால் செய்யவேண்டியவை

பத்துப் பதினைந்து வீடுகளை ஒரு கூட்டாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் பாட்டி, படுக்கையில் இருப்பவர், பிரசவ நாள் நெருங்கிய பெண், டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்துபோகும், தாள் தீராது. ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் போவார்.

பலத்த மழை எச்சரிக்கை வந்தால் கர்ப்பிணியையும் டயாலிசிஸ் நோயாளியையும் சாலை திறந்திருக்கும்போதே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைப் பக்கம் அனுப்பிவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் பத்து நாளுக்குக் கையிருப்பில் இருக்கட்டும். கரண்ட் போய்விட்டால், இன்சுலினை நீர் புகாத டப்பாவில் போட்டு, தண்ணீர் உள்ள மண்பானையில் வைக்கலாம்.

தண்ணீர் வீட்டுக்குள் வருமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். முதியவர் வீட்டில் இதை யார் செய்வது என்பதும் தாளில் இருக்கட்டும். மாடி வீட்டார் படியைத் திறந்துவையுங்கள். ஆடு மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள். ஓடும் தண்ணீர் தரைப்பாலத்தை மூடியிருந்தால் டிராக்டராக இருந்தாலும் இறங்க வேண்டாம். மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070, ஆம்புலன்ஸ் 108.

வடிந்தபின் குடிதண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். சேறு அள்ளுவதை ஆளில்லாத வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

யார் அக்கம்பக்கத்தார்?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. நம் ஊர்களில் ஊர்த்தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், இருளர் குடிசைகள் பல இடங்களில் ஏரிக்கரை ஓரம். பெரும்பாலும் பள்ளத்தில் இருப்பவர்கள் பின்னால் சொன்ன இருவரே. தண்ணீர் முதலில் அங்கேதான் ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. அப்படி ஒதுக்கினால் அது சேவை ஆகாது. உங்கள் தாளில் அந்தக் குடிசைகள் இல்லையென்றால் அந்தத் தாளுக்கு அர்த்தமில்லை.

குடிமராமத்து நமக்குப் புதிதல்ல. ஏரிக்கரையில் விரிசல் என்று தெரிந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்று வைத்திருந்தவர்கள் நம் முன்னோர். அந்தப் பழக்கத்தை ஏரிக்கரையிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால் போதும். ஐப்பசி பிறப்பதற்குள், இதுவரை நீங்கள் படியேறாத ஒரு வீட்டுக்குப் போய், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யார் யார் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.