அரசியலைக் கற்கும் பிள்ளை சட்டத்தையும் கற்கலாமா?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த மறுவாரமே, கலைப் பீடத்துக்குச் செல்லும் பிள்ளைகளின் வீடுகளில் ஒரு விசாரணை தொடங்கிவிடுகின்றது. "அரசியல் விஞ்ஞானம் படித்து என்ன செய்யப்போகிறாய்? சட்டத்தரணியாவதென்றால் சட்டத்தைப் படி, இல்லையேல் பொருளியலைப் படி" என்று தகப்பனார் சொல்ல, தாய்மாமன் அதற்கு ஒத்தூத, பிள்ளை வாய்மூடி நிற்கும் காட்சியை நாம் பல வீடுகளிற் கண்டிருக்கின்றோம். அரசியல் ஒரு துறை, சட்டம் வேறொரு துறை, இரண்டிலொன்றைத் தெரிந்தெடுக்கவேண்டும் என்பதே அவ்விசாரணையின் அடிப்படை. அந்த அடிப்படையே பிழையானது என்பது நமது எண்ணம்.

பொதுச் சட்டம் என்னும் பெயர் நம்மவருக்கு அதிகம் பழக்கமில்லாதது. காணி வழக்கையும் சீதன வழக்கையும் தேசவழமையையும் நாம் நன்கறிவோம். வேலிச் சண்டைக்கு மூன்று தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவையெல்லாம் தனியாருக்கும் தனியாருக்குமிடையே எழும் பிணக்குகள். அரசாங்கத்துக்கும் குடிமக்களுக்குமிடையிலும், அரசாங்கத்தின் உறுப்புகள் தமக்குள்ளேயும் எழும் பிணக்குகளைத் தீர்க்கும் சட்டமே பொதுச் சட்டம். அரசியலமைப்புச் சட்டமும் நிருவாகச் சட்டமும் அதன் பெரும் பிரிவுகள்.

இதனை அரசியலோடு சேர்த்துப் பயில்வது நம் நாட்டுக்குப் புதியதுமன்று. 1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் உபவேந்தராய் அமர்ந்த சேர் ஐவர் ஜெனிங்ஸ் ஒரு சட்ட அறிஞர். பிரித்தானிய அமைச்சரவை ஆட்சிமுறையைப் பற்றிய பெருநூலை 1936 இல் எழுதியவர். டி. எஸ். சேனநாயக்கா 1944 இல் அரசியலமைப்பு வரைவொன்றை ஆக்கியபோது பக்கத்துணையாய் நின்றவரும் அவரே. பேராதனையில் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியராக விளங்கிய ஜெயரத்தினம் வில்சன், 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பைப் பற்றி 1980 இல் ஒரு நூல் வெளியிட்டார். அரசியல் விஞ்ஞானி எழுதிய நூலாயினும், உறுப்புரைகளைத் தள்ளிவைத்துவிட்டு அதனை எழுதியிருக்க முடியாது.

ஆயினும் பெரியோரின் பெயர்களை அடுக்குவதிலும் ஒரு வழக்கைச் சொல்வதே பயனுடையது. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, மற்றைச் சமூகத்தவருக்கு இல்லாத தடையொன்றை ஒரு சமூகத்தவருக்கு மாத்திரம் விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. இயற்றினால் அச்சட்டம் செல்லாது என்றும் கூறிற்று. சிறுபான்மையினருக்கு அதுவே காவல் எனப்பட்டது. அரசியலமைப்பின் மை காயுமுன்னரே 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டிற் பிறந்தவரேயாயினும், தம் தகப்பனார் இங்கே பிறந்தவரென்றோ, தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்தவரென்றோ காட்டினாற்றான் வம்சாவழிப் பிரசையாகலாம் என்றது அது. அடுத்த ஆண்டிலே தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பிரசையல்லாதவருக்கு வாக்கில்லை என்றாயிற்று. இரு சட்டங்களிலும் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. ஆனால் தோட்டத் தொழிலாளியொருவர் தம் பாட்டனாரின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கு எங்கே போவார்?

ருவான்வெல்லைத் தொகுதியிலே கோடகன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்குமாறு கேட்டார். மறுக்கப்பட்டது. இடாப்பைத் திருத்தும் பொறுப்பிலிருந்த அதிகாரி, அந்தச் சட்டங்களே செல்லா என்று கூறி அவர் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் 1951 இல் அதனை மாற்றிற்று. வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1953 இல் அங்கும் தோற்றது.

நமக்கு உறவான மாணவி ஒருத்தி இவ்வழக்கைப் படித்த விதம் இன்றும் நம் நினைவில் இருக்கின்றது. முதலில் 29 ஆம் பிரிவை வாசித்துவிட்டு, "மாமா, இதில் அவர் தோற்க வழியே இல்லையே!" என்றாள். பின்னர் தீர்ப்பை வாசித்தாள். ஒரு நாட்டின் பிரசைகள் யாரென்று வகுப்பது எந்தப் பாராளுமன்றத்துக்கும் உரிய இயல்பான வேலை என்றும், இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பதிவு மூலம் பிரசையாவதற்கு 1949 இல் வேறொரு சட்டம் வழிவைத்திருக்கின்றது என்றும் நீதிபதிகள் கூறியிருந்தனர். அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்படவேண்டாம், இன்னொருமுறை வாசி என்றோம்.

இரண்டாம் முறை வாசித்தபோதுதான் நடுவிலிருந்த ஒரு கருத்து அவள் கண்ணிற் பட்டது. நேராகச் செய்யக்கூடாததைப் பாராளுமன்றம் சுற்றுவழியாகச் செய்தாலும் அச்சட்டம் செல்லாது என்பதைக் கோமறைக் கழகம் ஒப்புக்கொள்ளுகின்றது. ஆனால், அத்தகைய திட்டமொன்றின் பகுதியாகவே சட்டம் இயற்றப்பட்டது என்பதை, அதை எதிர்ப்பவரே நிறுவவேண்டும் என்கிறது. அது நிறுவப்படவில்லை, வழக்கும் போயிற்று.

திட்டம் இருந்ததா என்னும் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடை இல்லை. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொகுதிகளிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் வெற்றிபெற்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போயிற்று. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் காங்கிரஸின் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை. இந்த இரு தேர்தல்களுக்குமிடையே யாருக்கு என்ன அச்சம் இருந்தது, யார் யாரோடு சேர்ந்து வாக்களித்தார் என்பதையெல்லாம் தேடுவது அரசியல் மாணவரின் தொழில். தேடியதில் எது நீதிமன்றத்தில் நிற்கும், எது நில்லாது என்றறிவது சட்ட மாணவரின் தொழில். நம் மாணவிக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அந்த 29 ஆம் பிரிவு 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்போடு மறைந்தது. மலையக மக்களில் எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 இல் மீண்டும் ஒரு சட்டம் இயற்றவேண்டியதாயிற்று.

அண்மைக்கால உதாரணம் வேண்டுவோர் 2018 ஆம் ஆண்டை நினைவுகூரலாம். ஒக்டோபர் 26 ஆந் தேதி பிரதமர் நீக்கப்பட்டு வேறொருவர் நியமிக்கப்பட்டார். நவம்பர் 9 ஆந் தேதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டதாக வர்த்தமானி வெளிவந்தது. புதிய பிரதமருக்கு 225 பேர் கொண்ட சபையில் 113 பேர் சேரவில்லை என்பதை அரசியல் அறிந்தோர் எளிதில் விளக்கினர். ஆனால் கலைப்பு செல்லுமா என்பதற்கு எண்ணிக்கை உதவாது. பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் சனாதிபதிக்கு உண்டென்று 33 ஆம் உறுப்புரை சொல்லுகிறது. முதற் கூட்டத்திலிருந்து நாலரை ஆண்டுகள் கழியுமுன், மூன்றிலிரண்டு பங்கினர் கேட்டாலன்றிக் கலைக்கலாகாது என்று 70 ஆம் உறுப்புரை அன்று சொல்லிற்று. இவற்றுள் எது மேலானது? சம்பந்தன் அவர்களும் பிறரும் தொடுத்த வழக்குகளில், டிசம்பர் 13 ஆந் தேதி எழுவர் கொண்ட நீதிபதிகள் ஆயம் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றது. அந்த நாலரை ஆண்டு விதி 2015 இல் ஏன் வந்தது என்று கேட்டால், 2001 இல் தெரிவான பாராளுமன்றம் 2004 தொடக்கத்திலேயே கலைக்கப்பட்ட கதைக்குப் போகவேண்டும். அங்கே மறுபடியும் அரசியல் வந்துவிடுகிறது. (2020 இன் திருத்தத்தின்பின் அக்காலம் இரண்டரை ஆண்டாகக் குறைந்தது என்பதையும் மாணவர் குறித்துக்கொள்க.)

இனி, தொழில் கிடைக்குமா என்னும் தகப்பனாரின் கேள்வி. அரசியல் விஞ்ஞானம் மட்டும் கற்றவர் சட்டத்தரணியாகிவிட முடியாது. அதற்குரிய பரீட்சைகள் தனியானவை. அதை மறைத்து ஆசைகாட்டுதல் முறையன்று. ஆனால் நிருவாக சேவை, பத்திரிகை, ஆசிரியத் தொழில் ஆகியவற்றுக்குச் செல்வோர் ஒரு சட்டமூலத்தைத் தாமே வாசித்து விளங்கும் பயிற்சியைப் பெற்றிருந்தால், பிறர் சொல்வதை நம்பியிருக்க வேண்டியதில்லை.

தமிழில் கற்போருக்கு ஓர் இடர் உண்டு. அரசியலமைப்பு தமிழிற் கிடைக்கின்றது. பழைய தீர்ப்புகளோ ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோடகன் பிள்ளை வழக்கிலிருந்து தொடங்குமாறு நாம் சொல்வோம். தீர்ப்பு நீண்டதன்று, ஒரு பிற்பகலில் வாசித்துவிடலாம். 1948 ஆகஸ்ட் மாதத்து ஹன்சாட் விவாதங்களுக்குத்தான் பல நாள்கள் வேண்டியிருக்கும். நம் மாணவி ஒரு விடுமுறை முழுவதையும் அதற்குச் செலவிட்டாள்.