சொந்தமாக வெப்சைட் தொடங்கி பாதியில் நிற்கிறீர்களா? சிக்கல் தீமில் இல்லை

டொமைன் வாங்கியாச்சு. உங்கள் பெயரிலேயே கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு ஒரு சந்தோஷம். வேர்ட்பிரஸ் போட்டாச்சு, ஐந்தாறு தீம் மாற்றிப் பார்த்தாச்சு. முகப்பில் உங்கள் பெயர், அதற்குக் கீழே 'விரைவில்' என்று ஒரு வார்த்தை. அது அப்படியே பத்து மாதமாக நிற்கிறது. இப்போது டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. முதல் வருடம் தள்ளுபடியில் கொடுத்தவர்கள் இந்த முறை முழு விலை கேட்கிறார்கள்.

கட்டுவதா, விட்டுவிடுவதா?

இந்த இடத்தில் நிற்கும் பலரும் முதலில் செய்வது டூலை மாற்றுவதுதான். வேர்ட்பிரஸ் கனமாக இருக்கிறது என்று வேறொன்றுக்குப் போவார்கள். அது சரியில்லை என்று கோடிங் கற்றுக்கொள்ள யூடியூபில் உட்காருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுத்துரு தேடுவதிலேயே போய்விடும். வேலை நடந்தது போலவே இருக்கும், ஆனால் பக்கம் காலியாகவே இருக்கும்.

காரணம் எளிது. தீம் தேர்வு செய்ய விதிகள் உண்டு, வீடியோக்கள் உண்டு. 'இந்தத் தளத்துக்கு யார் வரணும், வந்து என்ன எடுத்துட்டுப் போகணும்?' என்ற கேள்விக்கு அப்படி எதுவும் கிடையாது. அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் அதைத் தள்ளிப்போடுகிறோம்.

கோபாலபுரத்திலிருந்து ஓர் உதாரணம்

கோபாலபுரம் என்றதும் சென்னைக்குப் போய்விட வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில், தமிழ்நாடு முடிந்து கேரளா தொடங்கும் இடத்தில் இருக்கும் கோபாலபுரம் இது. எல்லைச் சோதனைச் சாவடி என்றால் லாரிக்காரரிடம் கேட்பது மூன்று விஷயம்: எங்கிருந்து வர்றீங்க, எங்க போறீங்க, என்ன லோடு? வண்டி என்ன கலர், சீட் கவர் எப்படி இருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

எல்லையைத் தாண்டினால் சித்தூர் தாலுகா. தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கும் பகுதி. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், வேலைக்கான நேர்காணலில் ஆங்கிலம் என்று ஒரே நாளில் மூன்று மொழிகளும் தேவைப்படும். கோவையில் ஐடி வேலைக்குப் போகும் ஓர் இளைஞர் இங்கே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் பெயரில் ஒரு தளம் கட்ட உட்கார்ந்தால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார். எந்த மொழியில் எழுதுவது?

மூன்றிலும் எழுதிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் திட்டம் படுத்துவிடும், ஒரு பக்கம் எழுதவே நேரம் இல்லாதவர் மூன்று பக்கம் எழுத வேண்டும் என்பதால்.

இந்தக் கேள்விக்கு எந்த டூலும் பதில் சொல்லாது. வருகிறவர் யார் என்று தெரிந்தால் பதில் தானாக வரும். அவருக்கு வேண்டியது பெங்களூரு நிறுவனத்தில் வேலை என்றால், வரப்போவது ஒரு எச்.ஆரும் ஒரு டீம் லீடும். ஆங்கிலம் போதும். அவர்கள் பார்க்க விரும்புவது நீங்கள் செய்த இரண்டு மூன்று புராஜெக்ட். அதில் உங்கள் பங்கு என்ன, எங்கே சிக்கியது, எப்படி அவிழ்த்தீர்கள் என்பது. 'நான் சவால்களை விரும்புபவன்' என்ற பத்தியை அவர்கள் ஏற்கெனவே ஆயிரம் ரெஸ்யூமேயில் படித்திருப்பார்கள்.

அதே இளைஞருக்கு வேண்டியது அப்பாவின் தென்னை நாற்றுப் பண்ணைக்கு ஆள் வருவது என்றால், கதையே வேறு. பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் வருவார்கள், பாலக்காட்டுப் பக்கமிருந்தும் வருவார்கள். தமிழும் மலையாளமும் வேண்டும், ஆனால் ஒவ்வொன்றிலும் பத்து வரி போதும். என்ன ரகம், நாற்றுக்கு எத்தனை மாத வயது, விலை என்ன, எந்த மாதத்தில் கிடைக்கும், போன் நம்பர், வழி. அவ்வளவுதான். அனிமேஷன் வைத்தால் சிக்னல் மோசமான தோப்புக்குள் நின்று பார்ப்பவருக்குப் பக்கமே திறக்காது.

இல்லை, மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை பிடிக்க வேண்டுமா? இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் உங்கள் தமிழ் என்று மூன்று மாதிரிகள் வையுங்கள். பதிப்பாளருக்கு வேறெதுவும் தேவைப்படாது.

ஆள் ஒருவர்தான், ஆனால் தளங்கள் மூன்று. மூன்றையும் ஒரே முகப்பில் அடைக்கப் பார்த்தால் எந்தப் படம் மேலே, எந்தப் பொத்தான் கீழே என்று முடிவெடுக்கவே முடியாது. பலர் 'டிசைன் வரலை' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

உலகின் முதல் தளம் எதற்காக வந்தது?

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ, 1989 மார்ச்சில் ஒரு திட்ட அறிக்கை கொடுத்தார். அவருடைய மேலதிகாரி மைக் செண்டல் அதன் மேல் எழுதிய குறிப்பு பிரபலம்: தெளிவாக இல்லை, ஆனால் சுவாரஸ்யமாக இருக்கிறது என்று பொருள். இதைப் படித்துவிட்டு 'பாருங்க, வலையே தெளிவில்லாமத்தான் ஆரம்பிச்சது' என்று ஆறுதல் அடைய வேண்டாம். தீர்வுதான் மங்கலாக இருந்தது. பிரச்னை அறிக்கையில் பளிச்சென்று இருந்தது: செர்னுக்கு ஆட்கள் வருகிறார்கள், ஓரிரு வருடத்தில் போய்விடுகிறார்கள், அவர்களோடு தகவலும் போய்விடுகிறது.

1991 ஆகஸ்ட் 6-ல் அவர் தன் திட்டத்தை வெளியுலகுக்கு அறிவித்தார. அந்த முதல் தளத்தில் படம் கிடையாது. இந்தத் திட்டம் என்ன, இதை நீங்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று வரிசையாக எழுத்தும் இணைப்புகளும் மட்டும். ஆய்வக ஊழியர்களை வலைக்குள் இழுத்தது அதைவிடச் சாதாரணமான ஒரு விஷயம்: செர்னின் தொலைபேசிப் பட்டியல். சக ஊழியரின் எக்ஸ்டென்ஷன் நம்பர் சட்டென்று கிடைக்கிறது என்பதற்காக அதைத் திறந்தார்கள். உலகை மாற்றிய கண்டுபிடிப்பு, ஆனால் ஆள் வந்தது போன் நம்பருக்கு!

எழுத்துரு மாறியது, வேலை நிற்கவில்லை

தமிழில் இதற்கு ஒரு நல்ல சாட்சி மதுரைத் திட்டம். 1998 பொங்கல் அன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னெடுத்தார்கள். நோக்கம் ஒரே வரி: தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைப்பது. தன்னார்வலர்கள் வெவ்வேறு நாடுகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமலே செய்தவர்கள் பலர்.

அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழ்ப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்றால், வாசகர் முதலில் அதற்கான எழுத்துருவை இறக்கித் தன் கணினியில் நிறுவ வேண்டும். இல்லையென்றால் திரையில் கோழிக்கிறுக்கல்தான். மதுரைத் திட்டம் முதலில் கல்யாணசுந்தரமே உருவாக்கிய 'மயிலை' எழுத்துருவில் நூல்களை வெளியிட்டது. பிறகு தகுதரம் எனும் டிஸ்கி குறியீடு வந்தது, பின்னர் யூனிகோட் வந்தது. அடித்தளமே இப்படி மாறியும் திட்டம் குழம்பவில்லை. எது வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: நூல் வாசகருக்குப் போய்ச் சேருகிறதா? தளத்தின் தோற்றம் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தமிழ் படிக்கும் மாணவர் யாரைக் கேட்டாலும் அதை ஒருமுறையாவது திறந்திருப்பார்.

இன்று உங்களுக்கு அந்த எழுத்துருச் சிக்கல்கூடக் கிடையாது. யூனிகோடில் எழுதினால் எந்த போனிலும் தமிழ் தெரியும்.

சரி, இன்ஸ்டாகிராம் இருக்கும்போது தளம் எதற்கு?

நியாயமான கேள்வி. பலருக்குத் தளம் தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. லிங்க்ட்இன் பக்கத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில் இருந்து லட்சக்கணக்கில் பார்வையாளர்களைச் சேர்த்தவர்களுக்கு, அடுத்த நாள் அவர்களிடம் பேச வழியில்லை. அதற்கு முன்பே ஒரு தலைமுறை இதைப் பார்த்துவிட்டது. 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இலவசமாகப் பக்கம் கொடுத்தது. யாஹூ 1999-ல் அதை வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்காதவர்களுக்கு எல்லாம் போனது. ('கட்டுமானப் பணி நடக்கிறது' என்று மண்வெட்டியோடு ஒரு பொம்மை அந்தப் பக்கங்களில் ஆடிக்கொண்டே இருக்கும். உங்களுடைய 'விரைவில்' அதன் பேரப்பிள்ளை.)

சொந்த டொமைன் இருந்தால், பின்னால் இருக்கும் நிறுவனம் மூடினாலும் முகவரி உங்கள் கையில் இருக்கும். வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். அதே சமயம், சொந்தமாக வைத்தால் நிலைத்துவிடும் என்றும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பின் திறக்கவில்லை.

அப்போ எங்கிருந்து தொடங்குவது?

கணினியை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: '______ வந்து, ______ பார்த்துவிட்டு, ______ செய்ய வேண்டும்.'

முதல் இடத்தில் 'எல்லாரும்' என்று எழுதினால் அழித்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு நிஜ மனிதரை நினைத்து எழுதுங்கள். மூன்றாவது இடத்தில் போன் பண்ணணும், மெயில் அனுப்பணும், ஃபைலை இறக்கணும் என்பது போல கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயல் வேண்டும். 'என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கொள்ள வேண்டும்' என்பதெல்லாம் செயல் இல்லை.

வாக்கியம் நிரம்பிவிட்டால் ஒரே ஒரு பக்கம் போடுங்கள். மெனு வேண்டாம். கூகுள் சைட்ஸ், கிட்ஹப் பேஜஸ் போன்றவற்றில் இதற்குக் காசு கிடையாது. கையில் இருக்கும் டொமைனை அவற்றோடு இணைத்துக்கொள்ளவும் முடியும். மாதாமாதம் ஹோஸ்டிங் கட்டணம் கட்டி வேர்ட்பிரஸ் வைத்திருக்க வேண்டிய அவசியம், அடிக்கடி எழுதிப் பதிவேற்றுபவருக்கும் பொருள் விற்பவருக்கும்தான். பக்கத்தைப் போட்டதும், நினைத்து எழுதினீர்களே, அந்த மனிதருக்கு லிங்க் அனுப்புங்கள். அவர் எங்கே முழிக்கிறார் என்று கேளுங்கள். அடுத்து சேர்க்க வேண்டியது என்ன என்பது அவர் பதிலில் இருக்கும்.

வாக்கியம் நிரம்பவே இல்லையா? அதுவும் ஒரு பதில்தான். சும்மா கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் அதையே நோக்கமாக வைத்து, டொமைன் இல்லாமல் இலவச முகவரியில் விளையாடுங்கள். யாரும் பார்க்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம்.

அந்தப் புதுப்பிப்பு மெயிலை என்ன செய்வது?

விட்டுவிடுவது என்று முடிவெடுத்தால், ஒன்றைச் சரிபார்த்துவிட்டு விடுங்கள். டாட் காம் போன்ற முகவரிகள் காலாவதியானதும் உடனே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான முறையில் புதுப்பிக்க விடுவார்கள். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்க வேண்டுமானால் கூடுதல் கட்டணம் உண்டு. கடைசியாக 5 நாள் கழித்து முகவரி பொதுவில் வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உங்கள் பெயர் கொண்ட முகவரியில் நாளைக்கு சூதாட்ட விளம்பரம் ஓடலாம். பழைய ரெஸ்யூமேயில் அந்த லிங்க் அப்படியே இருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து மெயில். அந்த டொமைனில் மெயில் ஐடி வைத்து, அதை வங்கிக்கோ லிங்க்ட்இனுக்கோ வேறு எந்தக் கணக்குக்கோ கொடுத்திருக்கிறீர்களா? டொமைனை அடுத்து வாங்குபவர் அதே மெயில் ஐடியை உருவாக்கிக்கொள்ள முடியும். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால், மாற்றும் லிங்க் அவருக்குப் போகும். எனவே எல்லாக் கணக்குகளிலும் மெயிலை மாற்றிய பிறகே டொமைனைக் கைவிடுங்கள். மாற்ற இந்த வாரம் நேரமில்லை என்றால், இன்னும் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டிவிடுவதே நல்லது. அப்படியே அந்த 'விரைவில்' இருக்கும் இடத்தில் உங்கள் பெயரையும், உங்களைத் தொடர்புகொள்ள ஒரு வழியையும் எழுதி வையுங்கள்.