வில்லனாக ஜெயித்தாலும் நம்மாள்தானே!

மலேசியாவில் 'ரெஸ்லிங்' ரசிகராக இருப்பதில் முதல் தொல்லை நேரம். அமெரிக்காவில் ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பெரிய நிகழ்ச்சி தொடங்கினால் நமக்குத் திங்கள் காலை எட்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெரியவர்கள் வேலையில். மாலையில் வீடு திரும்பும்வரை ஃபேஸ்புக் பக்கம் தலைவைத்துப் படுக்காமல், வாட்ஸ்அப் குழுவைத் திறக்காமல், யார் ஜெயித்தார் என்பதை எந்தப் புண்ணியவானும் போட்டு உடைத்துவிடாமல் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தொல்லை ஒரு கேள்வி. "அதெல்லாம் பொய்தானே?"

வானொலியில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் நடிகர்களைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்பார்கள். மல்யுத்தம் பார்க்கிறேன் என்று சொன்னால் இதைத்தான் கேட்பார்கள். ஆமாம், யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவான விஷயம்தான். எம்.ஜி.ஆரும் நம்பியாரும் வாள் சுழற்றியபோது யார் ஜெயிப்பார் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியாதா? தெரிந்தும் நம்பியாரைத் திட்டினார்கள். நிஜ வாழ்க்கையில் அவர் சபரிமலைக்குப் போகும் பெரிய குருசாமி என்று தெரிந்த பிறகும் திட்டினார்கள். மல்யுத்தமும் அந்த வகைதான். ஒரே வித்தியாசம், இங்கே டூப் கிடையாது. பத்தடி உயரத்திலிருந்து விழுந்தால் விழுந்ததுதான். முடிவு எழுதி வைத்தது, வலி எழுதி வைத்ததல்ல.

இவ்வளவு பீடிகை எதற்கு என்றால், என்னை இன்னும் விடாமல் துரத்தும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பேசத்தான். 2017 மே 21, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்ட் நகரில் நடந்த டபிள்யூ.டபிள்யூ.இ 'பேக்லாஷ்'. நமக்கு மே 22, திங்கட்கிழமை. அன்று எனக்கு விடுப்பு. மெர்லிமாவில், அம்மா வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் நேரடியாகப் பார்த்தேன்.

முதலில் ஜப்பான்காரர் ஷின்சுகே நகமுராவும் டால்ப் சிக்லரும் மோதினார்கள். ஜப்பானில் பெரிய நட்சத்திரமாக இருந்துவிட்டு வந்தவர் நகமுரா. இந்த நிறுவனத்தின் முதன்மை அணிக்கு வந்து அவர் தொலைக்காட்சியில் ஆடிய முதல் ஆட்டம் அது. வயலின் இசையோடு அவர் உள்ளே வரும் காட்சிக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று. ஆட்டம் கொஞ்சம் நிதானம்தான். ஆனால் சிக்லரைப் போல் அடிவாங்கத் தெரிந்தவர்கள் குறைவு. எதிராளியைப் பெரியவனாகக் காட்ட ஒரு கலை வேண்டும். அது அவரிடம் இருக்கிறது.

அடுத்து உசோஸ் சகோதரர்களுக்கு எதிராக பிரீசாங்கோ என்ற இரட்டையர். டைலர் பிரீஸ் முதலில் துடைப்பம் வைத்த துப்புரவுத் தொழிலாளி வேடத்தில் வந்தார், பிறகு ஆட்டத்தின் நடுவிலேயே கிழவி வேடத்துக்கு மாறினார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா நின்று ரசித்த ஒரே ஆட்டம் இதுதான். பட்டம் உசோஸிடமே தங்கியது. சிரிப்பு பிரீசாங்கோவுக்கு.

பெண்கள் ஆறு பேர் மோதியது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெக்கி லிஞ்ச், சார்லட் போன்றவர்களை வைத்துக்கொண்டு அவ்வளவு அவசரமாக ஒரு ஆட்டத்தை முடித்தது அநியாயம்.

அமெரிக்கப் பட்டத்துக்காக கெவின் ஓவன்ஸும் ஏ.ஜே. ஸ்டைல்ஸும் மோதிய ஆட்டம்தான் அன்றைக்கு ஆட்டத்திறனில் முதலிடம். ஆனால் முடிவு? வர்ணனையாளர் மேசையில் கம்பிகள் போகும் ஓட்டையில் ஸ்டைல்ஸின் கால் மாட்டிக்கொண்டது. பத்து எண்ணுவதற்குள் வளையத்துக்குள் திரும்ப முடியாமல் தோற்றார். தினமும் ஒலிப்பதிவு அறையில் ஒயர்களுக்கு நடுவே கால் வைக்கும் எனக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி வலித்தது என்பது தனிக்கதை. அருமையான விருந்து போட்டுவிட்டு, பாயசத்தில் உப்பை அள்ளிப் போட்ட மாதிரி ஒரு முடிவு.

லூக் ஹார்ப்பர், எரிக் ரோவன் ஆட்டத்தை அன்றைக்கு யாரும் பெரிதாகப் பேசவில்லை. இரண்டு தாடிக்காரர்கள், முன்பு ஒரே அணியில் இருந்தவர்கள். ஹார்ப்பராக ஆடிய ஜான் ஹியூபர் 2020 டிசம்பரில், 41 வயதில், நுரையீரல் நோயால் இறந்துபோனார். இப்போது அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டால் ஓட்டிவிட மனம் வருவதில்லை. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு லேசாகக் கயிறுகளுக்கு நடுவே பாய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சரி, கடைசி ஆட்டத்துக்கு வருவோம். உலகப் பட்டத்துக்காக ரேண்டி ஆர்ட்டனை எதிர்த்து நின்றவர் ஜிண்டர் மஹால்.

யார் இந்த ஜிண்டர்? உண்மைப் பெயர் யுவராஜ் சிங் தேசி. கனடாவின் கல்கரி நகரில் பிறந்த பஞ்சாபி. அவருடைய மாமா காமா சிங்கும் கனடாவில் பெயர்பெற்ற மல்யுத்த வீரர். ஜிண்டரை இந்த நிறுவனம் முதலில் மூன்று பேர் கொண்ட கோமாளிக் குழுவில் சேர்த்து, வாரா வாரம் தோற்கவிட்டது. 2014 ஜூனில் வேலையை விட்டே தூக்கியது. 2016இல் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். குடியை விட்டு, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, உடம்பில் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. அப்போதும் அவரை யாரும் பெரிய ஆளாக நினைக்கவில்லை. 2017 ஏப்ரல் 18ஆம் தேதி, ஆறு பேர் மோதிய ஒரு போட்டியில் அவர் ஜெயித்து, பட்டத்துக்குப் போட்டியிடும் உரிமையைப் பெற்றபோது வர்ணனையாளர்களே வாய்பிளந்தார்கள்.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு மாமா, தமிழ்ப் பத்திரிகை வாங்க வந்தவர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு இது, தலைப்பாகை?"

"கனடாக்காரர் மாமா. பஞ்சாபி."

"வங்காளிப் பையனா? அப்ப நம்மாளு."

நம் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பஞ்சாபிக்காரர் என்றால் 'வங்காளி'தான். மலாய்க்காரர்கள் 'பெங்காலி' என்று கூப்பிட்டுப் பழகி நம் வாயிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வங்காளத்துக்கும் பஞ்சாபுக்கும் எவ்வளவு தூரம் என்று மாமாவிடம் விளக்க அது நேரமில்லை. ஆர்ட்டன் ஏற்கெனவே ஜிண்டரை அடித்துத் துவைக்க ஆரம்பித்திருந்தார்.

ஆட்டம் என்று பார்த்தால் சுமார்தான். ஆர்ட்டனின் தோள்பட்டையைக் குறிவைத்து ஜிண்டர் மெதுவாக வேலை செய்தார். ஆர்ட்டன் தன் பிரம்மாஸ்திரமான ஆர்.கே.ஓ.வைப் போட்டார். முடிந்தது கதை என்று நான் நினைக்கும்போது, ஜிண்டரின் எடுபிடிகளான சிங் சகோதரர்கள் குறுக்கே புகுந்து காப்பாற்றினார்கள். ஆர்ட்டன் அவர்கள் இருவரையும் மேசை மேல் தூக்கிப் போட்ட விதத்தை இன்றைக்குப் பார்த்தாலும் கழுத்து கூசும். கயிற்றில் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் தலைகுப்புறச் சாய்த்தார். அந்த இடைவெளியில் பின்னாலிருந்து வந்தார் ஜிண்டர். 'கல்லாஸ்' என்ற தன் பிடியைப் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று!

சில விநாடிகள் அரங்கமே வாயடைத்து நின்றது. கேமரா ரசிகர்கள் முகத்தைக் காட்டியது. திறந்த வாய்கள், தலையில் கைகள். அந்தப் பட்டத்தின் 50ஆவது வெற்றியாளர். இந்திய வம்சாவளியில் அதைத் தொட்ட முதல் ஆள். கிரேட் காலி 2007இல் வாங்கியது வேறொரு பட்டம். இங்கே மெர்லிமாவில் மாமா நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். நானும்தான்.

சந்தோஷம் அரை மணி நேரம் தாங்கியது. பிறகு யோசிக்க ஆரம்பித்தேன்.

ஜிண்டர் ஜெயித்தது வில்லனாக. அவருடைய கதாபாத்திரம் மைக்கைப் பிடித்துப் பஞ்சாபியில் பேசும்; ரசிகர்கள் கூச்சல் போட்டு அடக்குவார்கள். நான் பார்க்க வேறு மாதிரி இருக்கிறேன், வேறு மொழி பேசுகிறேன், அதனால்தான் என்னை வெறுக்கிறீர்கள் என்று அவர் சொல்வார். கூச்சல் இன்னும் கூடும். கவனியுங்கள், அவர் பிறந்தது கனடாவில். அமெரிக்காவுக்குப் பக்கத்து வீடு. அதே கனடாவில் பிறந்த கெவின் ஓவன்ஸும் சாமி ஜேனும் அந்த இரவிலேயே ஆடினார்கள். அவர்களைப் பார்த்து யாரும் 'எந்த ஊர்க்காரன்' என்று கேட்கவில்லை.

கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இந்த மண்ணில் பால் வெட்டி, செம்பனைக் குலை வெட்டி வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. அந்த வசனத்தில் இருந்த உண்மையைக் கதாநாயகன் வாயில் கொடுக்காமல் வில்லன் வாயில் கொடுத்தார்கள். உண்மை பேசுகிறவனைப் பார்த்துக் கூச்சல் போடச் சொன்னார்கள்.

அதைவிட மோசம் பிறகு நடந்தது. செப்டம்பரில் அதே ஜிண்டர் கதாபாத்திரம் நகமுராவின் முகத்தையும் ஜப்பானிய உச்சரிப்பையும் கேலி செய்து பேசியது. 'எல்லை தாண்டுகிறாய்' என்று அரங்கிலிருந்த ரசிகர்களே கோஷம் போட்டார்கள். இனவெறியைச் சுட்டிக்காட்டியவனையே இனவெறியனாக்கி முடித்தது கதை. இதை எழுதியவர்களுக்கு ஆசியா முழுவதும் ஒரே நாடு போலிருக்கிறது. ஜூலையில் 'பஞ்சாபி சிறை' என்று மூங்கிலில் ஒரு பெரிய கூண்டு கட்டி, அதற்குள் ஜிண்டரையும் ஆர்ட்டனையும் அடைத்தார்கள். பஞ்சாபில் மூங்கில் சிறை இருந்ததாக எனக்குத் தெரிந்த எந்தச் சிங்கும் சொன்னதில்லை.

என் தாத்தாவுக்கு மல்யுத்தம் என்றால் இரண்டே பேர். தாராசிங், கிங்காங். பஞ்சாப் கிராமத்துப் பையனான தாராசிங் 1947இல் சிங்கப்பூருக்கு வேலை தேடி வந்தவர். அங்கே ஹர்னாம் சிங்கிடம் மல்யுத்தம் பயின்று, கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைச் சாய்த்து மலேசிய வெற்றியாளர் என்று பெயர் வாங்கினார். பிறகுதான் இந்தியா அவரைக் கொண்டாடியது. 1987இல் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாகவும் ஆனார். கிங்காங் என்ற எமில் சாயா ஹங்கேரிக்காரர், 200 கிலோ மலை, சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டவர். கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் கேளிக்கைத் தளங்களில் மல்யுத்தம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. சிங்கப்பூர் போய் அந்தச் சண்டையை நேரில் பார்த்ததாகத் தாத்தா சத்தியம் பண்ணுவார். "இவர் மூவாரைத் தாண்டிப் போனதே இல்லை" என்பார் பாட்டி. இன்றைக்கும் ஒருவன் ரொம்பத் துள்ளினால் 'பெரிய தாராசிங்னு நெனப்பா?' என்றுதான் கேட்கிறோம்.

தாத்தா சொன்ன கதைகளில் தாராசிங் வேற்றாளாக வரவே மாட்டார். வெறும் பலசாலி, அவ்வளவுதான். அறுபது, எழுபது வருடம் கழித்து, அவரைப் போன்ற பஞ்சாபி ஒருவர் உலகத்தின் மிகப் பெரிய மேடையில் ஏறும்போது, ஏன் 'அந்நியன்' என்ற வேஷத்தைக் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்?

ஜிண்டர் அந்தப் பட்டத்தை 170 நாள் வைத்திருந்தார். நவம்பர் 7ஆம் தேதி மான்செஸ்டரில் ஸ்டைல்ஸிடம் இழந்தார். அந்த ஆட்டம் நன்றாகவே இருந்தது. ஸ்டைல்ஸோடு ஆடினால் கட்டைக்கும் ஆட்டம் வரும் என்று சொல்வார்கள், ஆனால் ஜிண்டர் கட்டையல்ல. என் வருத்தம் தேதியில். இந்தியச் சந்தையைப் பிடிக்கத்தான் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள் என்று ஊரே பேசியது. டிசம்பர் 9ஆம் தேதி டெல்லியில் நிகழ்ச்சி. அதற்கு ஒரு மாதம் முன்னால் பட்டத்தைப் பிடுங்கிவிட்டு, டெல்லி மக்கள் முன்னால் டிரிபிள் எச்சிடம் தோற்கவைத்தார்கள். டிரிபிள் எச் நிறுவனத்தின் மருமகன். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைத்து வந்து, தாலியை மட்டும் வேறொருவர் கட்டியது போல.

நல்ல வேளையாக, அந்நியன் வேஷம் போடாமலும் இந்த மேடையில் ஏறலாம் என்று நம் ஊரிலேயே ஒருவர் காட்டினார். நோர் 'பீனிக்ஸ்' டயானா. முதலில் முகமூடி போட்டு ஆடியவர், 2018இல் ஒரு ஆட்டத்தில் தோற்று முகமூடியைக் கழற்ற நேர்ந்தது. உள்ளே இருந்தது ஹிஜாப் அணிந்த ஒரு சாதாரண மலேசியப் பெண். 2019 ஜூலையில், 19 வயதில், நான்கு ஆண்களைத் தோற்கடித்து மலேசியா ப்ரோ ரெஸ்லிங்கின் ரெஸ்ல்கான் பட்டத்தை வென்றார். அவரை யாரும் 'வேறு மாதிரி' என்று அறிமுகம் செய்து கூச்சலுக்கு விடவில்லை. சின்ன உடம்பு, பறந்து அடிக்கும் வேகம், அதற்குக் கைதட்டல். ஆட்டமும் சுத்தம்.

ஜிண்டர் 2024 ஜனவரியில் மறுபடி ஒரு உலகப் பட்டத்துக்கு, சேத் ராலின்ஸோடு மோதித் தோற்றார்; அதே ஏப்ரலில் நிறுவனம் அவரை இரண்டாம் முறை வீட்டுக்கு அனுப்பியது. மாமாவிடம் சொன்னேன். அவருக்கு ஜிண்டரின் பெயர் நினைவில்லை.

"அந்த வங்காளிப் பையனா? அன்னிக்கு ஜெயிச்சானே!" என்றார்.