50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு ஒரு பூட்டு

1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம், கருப்பு எல்.பி. தட்டாகத்தான் முதலில் தமிழ் வீடுகளுக்குள் வந்தது. திருமலையில் பாடப்படும் அந்தத் துதியை இயற்றியவர் காஞ்சிபுரத்துக்காரர்: மணவாள மாமுனிகளின் சீடர் பிரதிவாதி பயங்கரம் அண்ணன். அந்த வழியில் வந்த உரையாசிரியர் பி.ப. அண்ணங்கராச்சாரியார் வாழ்ந்தது வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்தில். பாடகி டி.கே. பட்டம்மாள் 1919-இல் பிறந்ததும் இதே ஊர். ஆகவே இங்கே ஒரு வீட்டுப் பரணிலிருந்து பழைய தட்டுகள் இறங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தட்டைத் துடைத்து, புதிதாக வாங்கிய பிளேயரில் வைத்து, ஆம்ப்பில் இணைக்கிறார்கள். குரல் வருமுன் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் வருகிறது. பழியைத் தட்டின் மேலும், ஆம்ப்பின் மேலும், கடைக்காரர் மேலும் போடுவது வழக்கம். பெரும்பாலும் மூன்றுமே நிரபராதிகள்.

அந்தக் காலத்துச் சிறிய ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருந்தது. அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். இன்றைய பிளேயர்கள் பலவற்றில் இருக்கும் காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவதோ 3 முதல் 5 மில்லிவோல்ட். அதைச் சுமார் 100 மடங்கு பெருக்குவது, பிளேயருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வரும் ஃபோனோ ப்ரீஆம்ப்பின் முதல் வேலை.

இரண்டாவது வேலையில்தான் வினை. தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும், உச்ச ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் மிருதங்கத்தின் ஒவ்வொரு தொப்பி அடிக்கும் பள்ளம் அகலமாக வளைந்து, தட்டில் பாட்டுக்கு இடம் போதாது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1954-இல் இதற்கு ஒரு பொது வளைகோட்டை வகுத்தது, ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு என்பது அதுதான். ப்ரீஆம்ப் அதைத் திருப்பிப்போட வேண்டும். அதாவது 1000 ஹெர்ட்ஸ் ஒலியை 100 மடங்கு பெருக்கினால், 50 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 700 மடங்கு பெருக்கும். நம் வீட்டு மின்சாரம் ஓடுவது எத்தனை ஹெர்ட்ஸில்? அதே 50-இல். வெறும் 10 மைக்ரோவோல்ட் உள்ளே கசிந்தால் போதும், 7 மில்லிவோல்ட்டாக வெளியே வந்து நிற்கும்.

கர்நாடக இசை கேட்பவருக்கு இதில் இன்னொரு தொல்லை. மின்சாரத்தைத் திருத்தும் சுற்றிலிருந்து வருவது 100 ஹெர்ட்ஸ். 5 கட்டையின் ஷட்ஜம் அந்த ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதைவிட ஒரு துளி ஏறி நிற்பதால், சுருதியோடு சேராமல் பாட்டு முழுக்க உறுத்திக்கொண்டே இருக்கும்.

இந்தக் கசிவு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று மின்புலம். இதைத் தடுப்பது எளிது: ப்ரீஆம்ப் சுற்று முழுவதையும் உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சுற்றின் கிரவுண்டோடு ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். உள்ளே வரும் ஒயரும் ஷீல்டு ஒயராக இருக்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பட்டு இழைமேல் தட்டையான வெள்ளிக் கம்பியை நெருக்கமாகச் சுற்றித்தானே ஜரிகை செய்கிறார்கள்? பட்டு இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பியையும், வெள்ளி இருக்கும் இடத்தில் மெல்லிய செம்பு இழைகளையும் வைத்தால் ஷீல்டு ஒயர். சுற்று விலகி இடைவெளி விட்டால் இரண்டிலுமே சரக்கு மட்டம்.

மற்றொன்று காந்தப்புலம். இது முரடு. டிரான்ஸ்ஃபார்மர், பழைய டியூப்லைட் சோக், ஃபேன் மோட்டார் எல்லாம் இதை உமிழும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு அலுமினியப் பெட்டி ஒரு தடையே இல்லை. காந்தம் ஒட்டாத எவர்சில்வர் டிபன் பாக்ஸும் அப்படித்தான். காந்தம் ஒட்டும் இரும்புத் தகர பிஸ்கட் டின் ஓரளவு காக்கும். எல்லாவற்றையும்விட நல்ல காப்பு தூரம்: டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து விலகும் தூரத்தை இரட்டித்தால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகச் சுருங்கும். அதனால் விவரமறிந்தவர்கள் பவர் சப்ளையைத் தனிப் பெட்டியில் போட்டு, அரை மீட்டர் தள்ளி வைக்கிறார்கள். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் முறுக்கி ஒன்றாக்குவதும் இதற்காகத்தான். நடுவே வளையம் அகலமாக இருந்தால் காந்தப்புலம் அதில் புகுந்து மின்னழுத்தம் உண்டாக்கும்.

இந்த ப்ரீஆம்ப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், சாமான்களுக்கு அலைய வேண்டாம். என்.இ. 5532 என்ற ஐ.சி. ஒன்றே இரண்டு காதுக்கும் போதும்; சென்னை ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும். விலை உயர்ந்த ஐ.சி. தேடி ஓடுகிறவர்கள் பலர். கார்ட்ரிட்ஜின் சுருளே தன் மின்தடையால் கொஞ்சம் இரைச்சல் போடுகிறது என்பதால், அந்தச் செலவில் பெரிய லாபமில்லை. அந்தக் காசில் நல்ல பெட்டி வாங்கலாம். உள்ளீட்டில் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர், வளைகோட்டுக்கு 1 சதவீத ரெசிஸ்டர்கள், ஃபிலிம் கெபாசிட்டர்கள். ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகள் பெட்டியின் உலோகத்தைத் தொடாமல் வாஷர் போட்டு மாட்டப்பட வேண்டும். பிளேயரிலிருந்து தொங்கும் தனிக் கிரவுண்ட் ஒயருக்குப் பெட்டியில் ஒரு திருகு அவசியம். அதை மாட்ட மறந்துவிட்டு ஐ.சி.யை மாற்றிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஆர்.சி.ஏ. பிளக் ஒன்றில் நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்து சால்டர் வைத்து, ப்ரீஆம்ப்பின் உள்ளீட்டில் செருகி வால்யூமை ஏற்ற வேண்டும். உறுமல் நின்றுவிட்டால் பெட்டி சுத்தம். ஒயரையும் கிரவுண்டையும் பிளேயர் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். நிற்கவில்லையென்றால் கோளாறு பெட்டிக்குள்.

முதல்முறை செய்பவர்கள் 230 வோல்ட் பக்கம் போகவே வேண்டாம். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் இந்தச் சுற்று பல மணி நேரம் ஓடும். உறுமலின் ஒரு முக்கிய ஊற்றும் அதோடு அடைபடும்.

பரணில் பட்டம்மாளின் 1930-களின் தட்டுகள் இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அவை நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள், ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோட்டுக்கு முந்தியவை. அவற்றின் பள்ளமும் எல்.பி.யைவிட மிக அகலம். எல்.பி. ஊசியை அதில் வைக்காதீர்கள். 78-க்கென்று தனி ஊசி வாங்கிக்கொள்ளுங்கள்.